பச்சைத் தண்ணீர்தான் மீனுக்கு முதல் தீவனம்

பாகூர் கொம்யூனில் எனக்கு ஒண்ணரைக் காணி நிலம். அதில் 30 குழியை, அதாவது 40 சென்ட் இடத்தை, பண்ணைக்குட்டையாக வெட்டி மீன் விட்டிருக்கிறேன். மீதியில் நெல், உளுந்து, ஒரு ஓரமாகக் கரும்பு. வயலுக்கு உப்பு உரம் போடுவதை நிறுத்திப் பதினோரு வருஷம் ஆச்சு. ஆனால் குட்டைக்கு மட்டும் முதல் இரண்டு வருஷமும் கடையில் விற்கிற குருணைத் தீவனத்தை மூட்டை மூட்டையாக வாங்கிக் கொட்டினேன். அது தப்பு என்றே தோன்றவில்லை.

தோன்ற வைத்தவர் நரம்பையில் கடலுக்குப் போகிற என் பள்ளித்தோழர். ஒருநாள் கரையில் உட்கார்ந்திருந்தவர் மூட்டையைத் திருப்பிப் படித்தார். "இன்னாப்பா, இதுல மீன்தூள்னு போட்டிருக்கான். எங்க கடல் மீனைப் புடிச்சு உங்க குளத்து மீனுக்குப் போடுறீங்களா? இதுக்குப் பேரு இயற்கை விவசாயமா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒரு கிலோ மீன்தூள் செய்ய நாலு முதல் ஐந்து கிலோ பச்சை மீன் வேண்டும். மத்தி, கவளை மாதிரியான சிறு மீன்களும், இழுவலையில் சேர்ந்து வருகிற பொடிக்குஞ்சுகளும் அதற்குப் போகின்றன. ஏழை வீட்டுக் குழம்புக்கு வரவேண்டிய மீன் அது. கெண்டைத் தீவனத்தில் மீன்தூள் கொஞ்சம்தான் இருக்கும். விரால், கொடுவா, இறால் தீவனங்களில்தான் அதிகம். கொஞ்சம் என்றாலும் வாங்குவது நான்தானே. அதற்குப் பிறகுதான் நுண்பாசியைப் பற்றித் தேட ஆரம்பித்தேன். மூன்று வருஷமாகச் செய்து பார்த்ததில் எது நின்றது, எது நிற்கவில்லை என்பதை இங்கே எழுதுகிறேன்.

ஏன் பாசி?

மீன் எண்ணெயில் ஒமேகா-3 கொழுப்பு இருக்கிறது என்கிறோம். கடல் மீன்கள் அதைப் பெரும்பாலும் தாமாகச் செய்துகொள்வதில்லை. கடலில் மிதக்கிற, கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள்தான் செய்கின்றன. பாசியைப் பொடிப்பூச்சி தின்கிறது, பூச்சியைச் சிறு மீன் தின்கிறது, அதைப் பெரிய மீன் தின்கிறது. நாம் அந்தச் சிறு மீனை அரைத்துத் தீவனம் ஆக்குகிறோம். நடுவில் இருக்கிற மீனை விட்டுவிட்டு, பாசியையே நேராகக் கொடுத்தால் என்ன என்பதுதான் கேள்வி.

உலகத்தில் இதற்குப் பெரிய அளவில் வேலை நடக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் பல்லப் சர்க்கார் என்பவரின் குழு, மீன்தூளும் மீன் எண்ணெயும் துளிகூட இல்லாமல் இரண்டு வகைக் கடல் நுண்பாசிகளைக் கொண்டு திலேப்பியாவுக்குத் தீவனம் செய்தது. வழக்கமான தீவனம் தின்ற மீனைவிட அந்த மீன் நன்றாகவே வளர்ந்தது என்று 2020-ல் அவர்கள் வெளியிட்டார்கள். இதில் எனக்குப் பிடித்தது ஒரு விஷயம். இரண்டில் ஒரு பாசி, எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சிய சக்கை. நம் ஊர்ச் செக்கில் கடலை ஆட்டிப் புண்ணாக்கை மாட்டுக்கு வைப்பது போலத்தான். இன்னொருத்தர் கழிவாகத் தள்ளுவது கிடைத்தால்தான் தீவனக் கணக்கு உதைக்காது.

நமக்கு அந்தச் சக்கை கிடைக்காது. ஆனால் நம்மிடம் கெண்டை இருக்கிறது. கொடுவா மாதிரி கறி தின்னும் மீன் அல்ல அது. கட்லா மேல்மட்டத்தில் பொடிப்பூச்சிகளைத் தின்னும். ரோகு நடுமட்டத்தில் பாசியையும் தாவரத் துணுக்குகளையும் மேயும். மிர்கால் அடிச்சேற்றைக் கிளறித் தின்னும். வெள்ளிக்கெண்டை நுண்பாசியையே செவுளால் வடிகட்டித் தின்னும். நாலுக்கும் அடிப்படை பாசிதான். அதைக் குளத்திலேயே விளைவித்துக்கொள்ளலாம். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் "தண்ணி பச்சை கட்டட்டும், அப்புறம் குஞ்சு விடு" என்று சொன்னது இதைத்தான்.

வில்லியனூர் கொம்யூனில் கீழூர், சிவராந்தகம், பிள்ளையார்குப்பம் கிராமங்களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் உயிரிக்கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. நிலமில்லாத பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஊர்க்குளத்தில் கூட்டு மீன் வளர்த்ததும் அதில் ஒரு பகுதி. கூட்டு மீன் வளர்ப்பு என்பதே பாசியை நம்பிய முறைதான்.

குளத்தைப் பச்சை கட்ட வைப்பது

என் 40 சென்ட் கணக்கைச் சொல்கிறேன். உங்கள் குளத்துக்குத் தகுந்த மாதிரி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கோடையில் குட்டையைக் காயவிட்டு, அடிமண் வெடித்ததும் 30 கிலோ சுண்ணாம்புத்தூள் தூவுவேன். மண் புளிப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் வேண்டும். குரும்பாப்பேட் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணையும் தண்ணீரையும் கொடுத்துப் பார்த்துவிட்டுப் போடுவது நல்லது. தண்ணீர் கட்டியதும், குஞ்சு விடுவதற்கு இரண்டு வாரம் முன்னால் 300 கிலோ பச்சைச் சாணத்தை மூலைகளில் குவியலாகப் போடுவேன். ஏழெட்டு நாளில் தண்ணீர் வெளிறிய பச்சையாகத் திரும்பும். பிறகு பழுப்பு கலந்த பச்சை. அந்தப் பழுப்பு நல்ல அறிகுறி. பாசியைத் தின்னும் பொடிப்பூச்சிகள் வந்துவிட்டன என்று அர்த்தம். குஞ்சு விட்ட பிறகு 15 நாளைக்கு ஒரு தடவை 50 கிலோ சாணம். அவ்வளவுதான்.

800 விரலிகள் விடுகிறேன். கட்லா 220, வெள்ளிக்கெண்டை 100, ரோகு 240, மிர்கால் 240. வெள்ளிக்கெண்டை கூடினால் கட்லாவின் வளர்ச்சி படுத்துவிடும். இரண்டும் ஒரே மட்டத்தில் போட்டி போடும்.

எவ்வளவு பச்சை போதும்? கருவி எதுவும் தேவையில்லை. காலை பத்து மணி வாக்கில், வெயில் நன்றாக இருக்கும்போது கையை நீட்டித் தண்ணீருக்குள் மெதுவாக இறக்குங்கள். முழங்கை நனையும்போது உள்ளங்கை மறைந்தால் சரியான அளவு. முழங்கையைத் தாண்டியும் விரல் தெரிந்தால் சாணம் கொடுக்கலாம். மணிக்கட்டு நனைவதற்குள்ளேயே உள்ளங்கை மறைந்துவிட்டால் சாணத்தையும் தீவனத்தையும் அன்றைக்கே நிறுத்துங்கள். சேறு கலங்கியிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும். ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு பார்த்தால் மண் கலங்கலா, பாசியா என்று தெரிந்துவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மூட்டைத் தீவனத்தை நிறுத்திய முதல் வருஷம், இரட்டிப்பு பாசி வந்தால் இரட்டிப்பு மீன் என்று நினைத்துச் சாணத்தோடு கோழி எருவையும் தாராளமாகக் கொட்டினேன். தண்ணீர் பட்டாணிக் கூட்டு மாதிரி ஆனது. பார்க்கிறவர்களிடம் பெருமையாகக் காட்டினேன். ஐப்பசியில் நாலு நாள் விடாத மூட்டம். ஐந்தாம் நாள் விடியற்காலை போய்ப் பார்த்தால் கட்லாவெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. மோட்டார் போடுவதற்கு மின்சாரம் இல்லை. வெயில் ஏறுவதற்குள் 60 கிலோ போய்விட்டது. முதலில் செத்தவை பெரிய மீன்கள்தான். "நாங்களும் சாணி போட்டுத்தான் வளர்க்கிறோம், உனக்கு மட்டும் ஏன் சாவுது?" என்று பக்கத்து நிலத்து அண்ணன் கேட்டார். அவர் போட்டது கூடைக் கணக்கு. நான் போட்டது வண்டிக் கணக்கு.

விஷயம் இதுதான். பாசி பகலில் வெயிலை வாங்கித் தண்ணீரில் ஆக்சிஜனை விடும். ராத்திரியில் அதுவே மீனோடு போட்டி போட்டு ஆக்சிஜனை இழுக்கும். மூட்டம் போட்ட நாட்களில் பகல் வரவு குறைகிறது, ராத்திரிச் செலவு அப்படியே இருக்கிறது. விடியலுக்கு முன் இரண்டு மணி நேரம்தான் கண்டம். இப்போது மூட்டம் என்றாலே சாணம் கிடையாது, தவிடு கிடையாது. ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து ஆயில் இன்ஜினால் குளத்துத் தண்ணீரையே குளத்தில் பீய்ச்சி அடிப்பேன். காற்று கலந்தால் போதும்.

இன்னொரு எச்சரிக்கை. பச்சை பெயின்ட்டைக் கொட்டியது போல மேலே ஆடை கட்டி, காற்றடிக்கும் மூலையில் ஒதுங்கி, நாற்றம் எடுத்தால் அது நமக்கு வேண்டிய பாசி இல்லை. நீலப்பச்சைப் பாசியில் ஒரு வகை அது, நஞ்சும் உண்டாக்கும். ஒதுங்கிய மூலையில் பழைய வேட்டியால் வாரிக் கரையேற்றுங்கள். மாட்டை அந்தத் தண்ணீரில் விடாதீர்கள். அசோலா வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதைத் தனித் தொட்டியில் வளர்த்து அளவாகக் கொடுங்கள். குளம் முழுக்க மூடவிட்டால் கீழே வெயில் இறங்காது, நுண்பாசி செத்துப்போகும்.

கழி நட்டால் மேய்ச்சல் நிலம்

மிதக்கிற பாசியைவிட, எதிலாவது ஒட்டி வளர்கிற பாசியை மேய்வது ரோகுவுக்கு லேசு. இதைத் தெரிந்தவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். இலங்கையில் நீர்கொழும்பு களப்பில் கண்டல் கிளைகளைக் கும்பலாக நட்டு, அதில் ஒண்டி மேய வருகிற மீனைப் பிடிப்பது மீனவர்களின் பழைய வழக்கம். வங்கதேசத்தில் குளத்தில் மூங்கில் நட்டு ரோகு வளர்த்த ஆய்வுகளில் நல்ல வளர்ச்சி கிடைத்திருக்கிறது.

நம் பக்கம் மூங்கிலைவிடச் சவுக்கு மலிவு. பந்தலுக்குப் போட்டுக் கழித்த சவுக்குக் கழிகள் 200 வாங்கி, குட்டையின் கால்வாசிப் பரப்பில் இடைவெளி விட்டு நட்டேன். மூன்று வாரத்தில் கழி மேல் வழவழப்பாகப் பாசி படிந்தது. நகத்தால் சுரண்டினால் பச்சையும் பழுப்புமாக வரும். மாலையில் கரையில் உட்கார்ந்து பார்த்தால் ரோகு கழியைச் சுற்றிச் சுற்றி உரசுவது தெரியும். உரித்துக் காய்ந்த கழிதான் நட வேண்டும். இலையோடு பச்சைக்கிளையைப் போட்டால் அழுகி ஆக்சிஜனை இழுத்துவிடும். வலை இழுக்கும்போது கழி தொந்தரவுதான், அதனால்தான் கால்வாசியோடு நிறுத்திக்கொண்டேன். ஆனால் ராத்திரியில் களவாக வலை வீசுகிறவனுக்கும் அதே தொந்தரவு!

இவ்வளவும் செய்த பிறகு தவிடும் கடலைப்புண்ணாக்கும் சம அளவில் ஊறவைத்துத் துளைபோட்ட பையில் கட்டித் தொங்கவிடுகிறேன். பச்சை சரியாக இருக்கிற வாரங்களில் பை காலியாகாமல் மிஞ்சும். மூட்டைத் தீவனம் வாங்குவது நின்றுபோனது.

சுருள்பாசிக் கணக்கு

இப்போது எல்லாரும் கேட்கிற விஷயத்துக்கு வருகிறேன். சுருள்பாசி என்கிற ஸ்பைருலினா. உலர்ந்த எடையில் 55 முதல் 70 சதவீதம் புரதம். செல்லின் சுவர் மென்மை என்பதால் மீன் குஞ்சுக்கும் செரிக்கும். ஆப்பிரிக்காவில் சாட் ஏரிக் கரைப் பெண்கள் இதை வாரி மணலில் காயவைத்து அடையாக்கிச் சாப்பிடுவது காலங்காலமான வழக்கம். தமிழ்நாட்டில் சென்னை முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி.வி.சேஷாத்ரியும் அவருடன் இருந்தவர்களும் கிராமத்துப் பெண்கள் மண்பானையிலேயே வளர்க்கும்படி இதை எளிமையாக்கினார்கள். எங்களுக்குப் பக்கத்தில் ஆரோவில்லிலும் நெடுநாளாகச் சுருள்பாசிப் பண்ணை இருக்கிறது.

நானும் ஆசைப்பட்டேன். மீன் தீவனத்தில் பத்தில் ஒரு பங்கு சுருள்பாசி போட்டால் எப்படி என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். என் குளத்தில் 800 மீன், ஒவ்வொன்றும் கால் கிலோ என்றால் 200 கிலோ. அதில் இரண்டரை சதவீதம் என்று வைத்தால் நாளொன்றுக்கு 5 கிலோ தீவனம். பத்தில் ஒரு பங்கு அரைக் கிலோ பாசித்தூள். சாதாரணத் தொட்டியில், நல்ல வெயிலில், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 7 அல்லது 8 கிராம் உலர்பாசி கிடைத்தால் பெரிது. அரைக் கிலோவுக்கு 60 சதுர மீட்டருக்கு மேல் தொட்டி வேண்டும். ஒரு குழிக்கு மேல் சிமென்ட்! வெளியில் வாங்கலாம் என்றால் தூள் சில்லறையில் கிலோ ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. கெண்டை விற்பது நூற்றுச் சொச்சத்துக்கு. "பாசி வளர்த்து மீனுக்குப் போட்டு லட்சம் சம்பாதிக்கலாம்" என்று பயிற்சிக்குக் கூப்பிடுகிறவர்கள் யாராவது வந்தால் இந்தக் கணக்கை அவர்களிடம் போட்டுக் காட்டுங்கள்.

ஆனால் குஞ்சுக்கு என்றால் கணக்கே வேறு. 3,000 நுண்குஞ்சு மொத்தமே ஒரு கிலோ எடைதான் இருக்கும். நாளைக்கு 100 கிராம் தீவனம் போதும். அவை விரலிகளாகும் சமயத்திலும் 350, 400 கிராம்தான். அதில் பத்தில் ஒரு பங்கு 40 கிராமுக்குள். பத்தடிக்கு ஐந்தடித் தொட்டி ஒன்று கொடுக்கிற பாசி அதற்குச் சரியாக இருக்கிறது. குஞ்சுப் பருவத்தில்தான் புரதமும் அதிகம் வேண்டும். அதனால் சுருள்பாசியை நாற்றங்கால் குட்டையோடு நிறுத்திக்கொண்டேன்.

தொட்டி முறை சுருக்கமாக. தார்ப்பாய் விரித்த செங்கல் தொட்டி, ஒரு சாண் ஆழம் தண்ணீர். ஆயிரம் லிட்டருக்கு 8 கிலோ சமையல் சோடா, 5 கிலோ கல்லுப்பு. இவற்றோடு தழை, மணி, சாம்பல் சத்துகளும் மெக்னீசியமும் துளி இரும்பும் சிறு அளவில் வேண்டும். தாய்ப்பாசி வாங்குகிற இடத்திலேயே அவர்கள் பயன்படுத்தும் கலவையைக் கேட்டு அதையே பின்பற்றுங்கள், பாசி அதற்குப் பழகியிருக்கும். கிழக்குப் பாகூரில் கடல்நீர் ஏறி உப்பான போர் தண்ணீர்கூட இதற்கு ஆகும். பி.எச். 9-க்கு மேல், 10.5-க்குள் இருக்க வேண்டும். அந்தக் காரத்தில் மற்ற பாசிகள் அண்டாது. நாளைக்கு நாலைந்து தடவை துடைப்பத்தால் கலக்கிவிட வேண்டும். தண்ணீர்ச் சூடு 35-ஐத் தாண்டாமல் சித்திரை வெயிலுக்கு நிழல்வலை. ஒரு வெள்ளை மூடியைக் குச்சியில் கட்டி இறக்கி, மூன்று சென்டிமீட்டருக்குள் மறைந்தால் அறுவடை. விடியற்காலையில் நெருக்கமான துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் ஒருமுறை சட்டென்று அலசிப் பிழிந்து, அந்த ஈரப் பசையையே சலித்த தவிட்டோடும் பொடித்த புண்ணாக்கோடும் பிசைந்து உடனே போட்டுவிடுகிறேன். காயவைக்கிற செலவும் இல்லை, கெட்டுப்போகிற பயமும் இல்லை.

பலன் தெரிந்ததா? முன்பெல்லாம் 3,000-ல் பாதி தேறும். போன முறை 1,900 தேறியது. ஆனால் அதே சமயம் தவளைக்கும் தண்ணீர்ப்பாம்புக்கும் சுற்றிலும் வலை கட்டினேன். எது பாசியால், எது வலையால் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. குஞ்சுகள் சுறுசுறுப்பாகவும் நிறமாகவும் இருந்தது கண்ணுக்குத் தெரிந்தது. தங்கமீன், கோய் மாதிரி அழகுமீன் வளர்ப்பவர்கள் நிறத்துக்காகவே இதைக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு அதற்கு விலையும் கிடைக்கும்.

ஒரு உறுத்தல் உண்டு, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தொட்டிக் கலவையில் போடுகிற சத்துகளில் கடை உப்புகள் இருக்கின்றன. சாண எரிவாயுக் கழிவை வடிகட்டி ஊற்றிப் பார்த்தேன், பாசி வந்தது. ஆனால் கூடவே புழுவும் கண்ட கிருமியும் வந்தன. எங்கள் பங்கேற்புச் சான்றுக் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது இரண்டு மணி நேரம் வாக்குவாதம். "வயலுக்கு வேணாம்னு விட்டதை தொட்டில போடலாமா?" என்று ஒருவர். "கடல் மீனை அரைச்சுப் போடுறதுக்கு இது எவ்வளவோ தேவலை" என்று இன்னொருவர். முடிவு எட்டவில்லை. நான் என் மீனை இயற்கை மீன் என்று எழுதி விற்பதில்லை. கேட்கிறவர்களிடம் உள்ளதைச் சொல்லி விற்கிறேன். அந்தத் தொட்டித் தண்ணீரை ஒருபோதும் வயலிலோ குளத்திலோ திறந்துவிடாதீர்கள். சோடா உப்பு மண்ணைக் களர் ஆக்கிவிடும்.

மழைக்காலத்தில் தொட்டியை மூட வேண்டும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்த ராத்திரி மழையில் என் தொட்டி நிரம்பி வழிந்து, பச்சையாக இருந்தது விடிந்ததும் வெறும் தண்ணீராக நின்றது. பிறகு தென்பெண்ணை வெள்ளமும் சேர்ந்துகொண்டது. வீட்டு ஜன்னலில் வைத்திருந்த இரண்டு லிட்டர் பாட்டில் தாய்ப்பாசி மட்டும் தப்பியது. அதிலிருந்து பெருக்கியதுதான் இப்போது தொட்டியில் இருக்கிறது. ஐப்பசி பிறந்ததும் நீங்களும் இரண்டு மூன்று பாட்டிலில் எடுத்து வையுங்கள். பாதி அளவுதான் ஊற்ற வேண்டும், மூடியை இறுக்கக் கூடாது. வெளிச்சம் படுகிற, வெயில் நேராக விழாத இடத்தில் வைத்து, போகும்போதும் வரும்போதும் ஒரு குலுக்குக் குலுக்கினால் தை மாதம் வரை தாங்கும்.